அபாய விளக்கு இல்லை

— தலையைத் திருப்பாதீங்க கமெதானி சார். கண்ணு மட்டும் என் விரலோட வந்தாப் போதும்.

— திருப்பலையே.

— திருப்புறீங்க. போதாததுக்கு வாயும் அசையுது. என்ன முணுமுணுக்குறீங்க?

— ஒண்ணுமில்லை டாக்டரம்மா.

— "சரி"ன்னு சொன்னீங்க. விரல் அந்தக் கோடிக்குப் போனா ஒரு "சரி", இந்தக் கோடிக்கு வந்தா ஒரு "சரி". எனக்கு மார்க் போடுறீங்களா?

— ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. அது ரயில் ஓட்டுறவன் வியாதி. நாங்க விரலை நீட்டுவோம். விரல் காட்டுற இடத்தைக் கண்ணு பார்க்கணும், கண்ணு பார்த்ததை வாய் உரக்கச் சொல்லணும். சிக்னலைக் காட்டி "பச்சை, சரி." கடிகாரத்தைக் காட்டி "நேரம், சரி." கதவுக்கு ஒண்ணு, வேகத்துக்கு ஒண்ணு. வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இதே பாட்டு. இப்ப எதிர்ல யாரு விரலை நீட்டினாலும் என் வாய் தானா திறந்துக்குது.

— வீட்டுலயுமா?

— வீட்டுல இன்னும் மோசம். ஃப்ரிட்ஜைத் திறப்பேன், விரலை நீட்டுவேன், "பால், இருக்கு!"ன்னு கத்திட்டு மூடிடுவேன். மசுமி போய்ப் பார்த்தா பால் இருக்காது. "உங்க விரலும் வாயும் வேலைக்குப் போகுது, கண்ணு மட்டும் லீவா?"ன்னு கேப்பா. இருபது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கா. சிரிக்கிறீங்க பாருங்க.

— மன்னிச்சுக்கங்க சார். உங்க மனைவி சொன்னது அவ்வளவு நல்லா இருந்துச்சு.

— சிரிங்க, சிரிங்க. இந்த அறையில யாராவது சிரிச்சு எத்தனை நாளாச்சோ. போன வாரம் எனக்கு முன்னாடி வெளியே வந்த பொண்ணு, உங்க டிஷ்யூ டப்பாவையே கையோட எடுத்துட்டுப் போயிடுச்சு.

— அதான் புதுசு வாங்கி வச்சிருக்கேன். உங்க பக்கத்துலயே இருக்கு.

— எனக்கு எதுக்குங்க? எனக்குத்தான் அழுகை வரமாட்டேங்குதே. அந்த விளக்கு மெஷினை ஏன் இன்னும் அங்கயே வச்சிருக்கீங்க?

— துணி போட்டு மூடித்தானே வச்சிருக்கேன்.

— துணிக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியுதே.

— அடுத்த தடவை அறையை விட்டே எடுத்துடுறேன். முதல் நாளே உங்களுக்கு அந்த ஓடுற விளக்கு ஒத்துக்காதுன்னு நான் கண்டுபிடிச்சிருக்கணும். தப்பு என்மேலதான்.

— உங்க கம்பளத்துல வாந்தி எடுத்தது நானு. தப்பு உங்கமேலயா?

— சார், அன்னைக்குச் சம்பவம் நடந்த இடத்துல ஆம்புலன்ஸ் விளக்கு, போலீஸ் விளக்கு எல்லாம் உங்க முகத்துலயே அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. மனசு மறந்தாலும் உடம்பு மறக்காது. சிவப்பா ஒரு புள்ளி இப்படியும் அப்படியும் ஓடினதும் உடம்பு பயந்துக்கிச்சு. அவ்வளவுதான்.

— ஆமா, அன்னைக்கும் அப்படித்தான் சொன்னீங்க.

— ஏன், உங்களுக்கு வேற ஏதாவது தோணுதா?

— எனக்கென்ன தோணப்போகுது. சிவப்பைப் பார்த்தா வயிறு புரட்டுது. அவ்வளவுதான் கதை.

— வேலை எப்படிப் போகுது? இன்னமும் தொலைஞ்ச பொருள் கவுன்ட்டர்தானா?

— அங்கயேதான். இந்தப் பாதையில தொலைஞ்ச குடைக்கெல்லாம் இப்ப நான்தான் ராஜா. எல்லாம் ஒரே மாதிரி பிளாஸ்டிக் குடை, யாரும் தேடி வர்றதில்லை. மழை பெய்ஞ்சா எனக்குப் புதுசா குடிமக்கள் வர்றாங்க.

— ஓட்டிப் பார்க்கச் சொன்னாங்கன்னு சொன்னீங்களே?

— சொன்னாங்க. போன மாசம், காலி வண்டி, ஷெட்டுக்குள்ளயே. ஏறி உட்கார்ந்தேன். சிக்னலைப் பார்த்துக் கையை நீட்டினேன். நீட்டின கை மடங்கவே இல்லை டாக்டரம்மா. ரெண்டு பேர் வந்து இறக்கி விட்டாங்க, தூங்குற குழந்தையைக் காரிலேருந்து இறக்குற மாதிரி.

— இதை ஏன் போன தடவை சொல்லலை?

— சொன்னா என்ன ஆகப்போகுது? எனக்கு ரயிலே வேணாம். செத்துப்போன மீனு மாதிரி குடைக்கு நடுவுல கிடந்துட்டுப் போறேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை ஹமானோ வீட்டுல போய் உட்காரணும். கை நடுங்காம ஒரு ஊதுபத்தி ஏத்திட்டு வரணும். அது வரைக்கும் என்னை ஒப்பேத்தி விடுங்க.

— ஹமானோ... அந்தக் கார்ல இருந்தவங்க வீடா?

— அவங்க வீடுதான். ரெண்டாவது வருஷ நினைவு நாள். அவங்க அம்மாவுக்கு.

— அம்மாவுக்கு மட்டுமா?

— அம்மாவுக்கு மட்டும்தான்.

— அவர் மனைவியும்தானே அதே கார்ல...

— அந்தப் பேச்சையே அந்த வீட்டுல எடுக்குறதில்லை.

— எங்கிட்ட எடுக்கலாம்.

— எதை எடுக்குறது? ஊருக்கே தெரியும். அவர் அம்மா கிக்குனோம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, வயசான காலத்துல. ராத்திரியெல்லாம் எழுந்து தெருவுல நடக்கும். மருமக, பேரு சகியே, அதும் பின்னாடியே நடக்கும், கையில ஒரு சால்வையோட. பத்து வருஷம் பார்த்துக்கிட்டாங்க. ஒரு நாள் கடையில பில் போடுற பொண்ணுகிட்ட, "ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது"ன்னு சொல்லியிருக்காங்க. சலிப்புல எல்லாரும் சொல்றதுதான். ஆனா ஒரு மாசத்துல ஷிராசுனா ரயில்வே கேட்டுல, கட்டை இறங்கின பிறகு, தண்டவாளத்து நடுவுல அவங்க கார் நிக்குது. உள்ள மாமியார். அப்புறம் யாரு வேற மாதிரி யோசிக்கப் போறாங்க?

— மாமியாரையும் கொன்னு தானும் செத்துட்டாங்கன்னு...

— அப்படித்தான் முடிவாச்சு. ஹமானோ என்ன பண்ணினார் தெரியுமா? காரியம் முடிஞ்ச மறு வாரம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னார். கறுப்புக் கோட்டு. கையில இனிப்பு டப்பா. நான் கதவைத் திறந்ததும் அப்படியே மண்டியிட்டு, நெத்தி தரையில பட, "எங்க வீட்டுக்காரி உங்களுக்கு இப்படி ஒரு கெடுதல் பண்ணிட்டா, மன்னிச்சுடுங்க"ன்னார். எங்கிட்ட! அவங்க அம்மாவையும் பெண்டாட்டியையும் இடிச்ச வண்டியை ஓட்டினவன்கிட்ட!

— நீங்க என்ன சொன்னீங்க?

— நானும் மண்டியிட்டேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் எழுந்திரிக்கவே இல்லை. மசுமி வந்து டீ வச்சா. அப்புறம் அவர் போனதும் டப்பாவைப் பிரிச்சு ஒண்ணு எடுத்துத் தின்னேன். நல்லா இருந்துச்சு டாக்டரம்மா. சிவப்புப் பயறு வச்சது. நல்லா இருந்துச்சு. அதைத்தான் இன்னும் என்னால தாங்க முடியலை.

— இங்கயே நிறுத்துங்க. இப்ப அது உடம்புல எங்க இருக்கு?

— நாக்குல. அந்த இனிப்பு இன்னும் அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்கு.

— சரி. அதோட இருங்க. விரலைப் பாருங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம், ரயில் ஜன்னல்ல ஊர் ஓடுற மாதிரி ஓடவிட்டுப் பாருங்க. வாங்க... வாங்க... அப்படித்தான்... ம்... விட்டுடுங்க. மூச்சு. என்ன வந்துச்சு?

— கார் வந்துச்சு. வெள்ளை. சின்னக் கார்.

— அதோட போங்க. வாங்க... ம்... நல்லாப் பண்றீங்க... விடுங்க. மூச்சு. இப்ப?

— பின் கதவு திறந்திருக்கு. அந்தம்மா வெளியே நின்னு உள்ள குனிஞ்சிருக்காங்க. முதுகு தெரியுது. பழுப்பு ஸ்வெட்டர். உள்ள கிக்குனோம்மாவைப் பிடிச்சு... எல்லாரும் சொன்னாங்க, இறங்கிடாம அமுக்கிப் பிடிச்சிருந்தாங்கன்னு.

— எல்லாரும் சொன்னதை விடுங்க. நீங்க பார்த்தது?

— பிடிச்சிருந்தாங்க. அமுக்கினாங்களா இழுத்தாங்களான்னு கண்ணாடி வழியா என்ன தெரியும்? அப்புறம் திரும்புனாங்க. திரும்பி என்னைப் பார்த்தாங்க.

— அந்த இடத்துல நிக்கலாமா?

— அங்கதான் ரெண்டு வருஷமா நின்னுக்கிட்டு இருக்கேன்.

— பத்துல எவ்வளவு கஷ்டம் அது?

— பத்துக்கு மேல நம்பர் கிடையாதா?

— கிடையாது.

— அப்ப பத்து.

— அந்த முகம் உங்ககிட்ட என்ன சொல்லுது?

— பயமில்லை டாக்டரம்மா. அதான் புரியலை. சாகப் போறவங்க முகத்துல பயம் இருக்கும், இல்லாட்டி எதுவுமே இருக்காது. எங்க ஆளுங்க எத்தனையோ பேர் பார்த்திருக்காங்க, குடிச்சிட்டுச் சொல்வாங்க. இந்தம்மா பார்த்தது வேற மாதிரி. வர்றேன்னு சொன்னவன் வராம ஏமாத்திட்டா ஒரு பார்வை பார்ப்போமே, அப்படி. "ஏன் நீ இன்னும் நிக்கலை?"ன்னு.

— அதோட போங்க.

— போக முடியலை.

— நான் இருக்கேன். விரலைப் பாருங்க. வாங்க... வாங்க... அது நடந்து முடிஞ்சு போச்சு, நீங்க இங்க நாற்காலியில இருக்கீங்க... வாங்க... விடுங்க. மூச்சை விடுங்க சார். விடுங்க. டிஷ்யூ அங்கயே இருக்கு.

— வரமாட்டேங்குதுன்னு சொன்னேனே. எங்கேருந்து வருது இது?

— வரட்டும்.

— அவர் எங்கிட்ட ஒண்ணு கேட்டார் டாக்டரம்மா. ஹமானோ. அன்னைக்கு மண்டியிட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கிட்டு, படியில நின்னு கேட்டார். "என் பெண்டாட்டி அந்தப் பட்டனை அமுக்கினாளா?"ன்னு.

— எந்தப் பட்டன்?

— கேட்டுல ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். உள்ள யாராவது மாட்டிக்கிட்டா அமுக்கணும். அமுக்கினா ரொம்ப தூரத்துக்கு முன்னாடியே, வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பத்துல அபாய விளக்கு சிவப்பா எரியும். அதைப் பார்த்ததும் நாங்க பிரேக் போட்டுடுவோம். வண்டி கேட்டுக்கு முன்னாடியே நின்னுடும். அதுக்காகத்தான் அவ்வளவு தூரத்துல நட்டு வச்சிருக்கான்.

— அமுக்கியிருந்தா அவங்க சாக வரலைன்னு அர்த்தம்.

— சாக வந்தவ எதுக்கு அமுக்குறா? கார் நின்னு போச்சு, இறங்கி ஓடி அமுக்கினா, மாமியாரை இழுக்கத் திரும்ப வந்தான்னு ஆகும். ஹமானோ அதைத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினார். "கார்ல குளிக்கிற துண்டும் மாத்துத் துணியும் இருந்துச்சு சார், அன்னைக்கு அம்மாவைக் குளிப்பாட்டுற மையத்துக்குக் கூட்டிட்டுப் போற நாள். துண்டு எடுத்துக்கிட்டு யாராவது சாகப் போவாங்களா?"ன்னு கேட்டார்.

— அந்தப் பெட்டியைப் பார்த்தா தெரிஞ்சிருக்குமே?

— கார் இழுபட்டுப் போய் அந்தப் பெட்டி மேலதான் மோதிச்சு. பெட்டியும் இல்லை, அதுல ஒரு தகவலும் இல்லை.

— ரயில்ல கேமரா?

— ரெண்டு பெட்டி வண்டிக்குக் கேமராவா! குரல் மட்டும் பதிவாகும். விசாரணையில போட்டுக் காட்டினாங்க. என் குரல்தான். "அபாய விளக்கு, இல்லை!" கணீர்னு. ஒரு பிசிறு இல்லை. மேலாளர் எழுந்து, இந்த மாதிரி ஒழுங்காக் கூவுற ஓட்டுநர் நம்ம பாதையில யாரும் இல்லைன்னு பாராட்டினார். தூரத்துலேருந்து காரைப் பார்த்தது, பிரேக் போட்டது, எல்லாம் சரியா இருந்துச்சு. எம்மேல ஒரு குறையும் இல்லை.

— ஹமானோகிட்ட என்ன சொன்னீங்க?

— உண்மையைச் சொன்னேன். "இல்லை ஐயா, விளக்கு எரியலை"ன்னேன்.

— அவர்?

— தலையை ஆட்டினார். ரொம்ப நன்றின்னார். குனிஞ்சு வணங்கிட்டுப் போனார். அதோட சரி. அம்மா அஸ்தி குடும்பக் கல்லறைக்குப் போச்சு. சகியே அஸ்தியைக் கோயில் அலமாரியில வச்சுட்டார். கொலைகாரியையும் அம்மாவையும் ஒரே கல்லுக்குக் கீழ வைக்க முடியாதுன்னு அவரோட தங்கச்சிங்க சண்டை. பொண்ணு ஒண்ணு இருக்கு, பள்ளிக்கூடம் முடிக்கப் போகுது. அப்படி ஒரு அம்மா இருந்ததையே துடைச்சுப் போட்ட மாதிரி நடக்குது. அம்மா போட்டோ அந்த வீட்டுல எங்கயும் கிடையாது.

— ஞாயித்துக்கிழமை?

— ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அந்தக் கலசத்தைக் கோயிலுக்குப் பின்னாடி, கேக்க ஆளில்லாத அஸ்தியெல்லாம் கொட்டுற குழியில கொட்டிடப் போறார். கொட்டிட்டா அவ்வளவுதான். பத்தோட பதினொண்ணா கலந்துடும். அப்புறம் இது சகியேன்னு யாரும் பொறுக்கி எடுக்க முடியாது. அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கார். "கடைசியா அவளைப் பார்த்தவர் நீங்க, வந்து நிக்கணும்"ன்னு.

— அதைக் கேட்டுட்டுமா போறீங்க?

— போகாம? என் வார்த்தையிலதானே போகுது அந்தக் குழிக்கு.

— உங்க வார்த்தையால இல்லை சார். நடந்ததால. நீங்க பார்த்ததைத்தான் சொன்னீங்க.

— ஆமா.

— அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்போமா? போன தடவை எடுத்தோமே.

— "என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்."

— சொல்லும்போது எவ்வளவு உண்மையாப் படுது? ஒண்ணுலேருந்து ஏழுக்குள்ள.

— மூணு. போன தடவை ரெண்டு. பாருங்க, முன்னேறிக்கிட்டு இருக்கேன்.

— கேலி பண்ணினாலும் முன்னேற்றம்தான். அவங்க முகத்துக்குத் திரும்பிப் போங்க. விரல். வாங்க... வாங்க... ம்... விடுங்க. மூச்சு. இப்ப?

— கொஞ்சம் தள்ளிப் போயிட்டாங்க.

— எப்படித் தள்ளி?

— முன்னெல்லாம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிப்பாங்க. இப்ப பிளாட்பார முனையில நிக்கிற தூரம். ஸ்வெட்டர் நிறம் சரியாத் தெரியலை.

— நல்லது. அதோட போங்க... வாங்க... வாங்க... விடுங்க. பத்துல எவ்வளவு?

— ஆறு. அஞ்சுன்னுகூடச் சொல்லலாம். இது என்ன மாயம்!

— மாயமில்லை. கண்ணு ஓடுறபோது மனசு பழசை எடுத்து அதுக்குண்டான இடத்துல அடுக்குது. இன்னொரு தடவை. வாங்க... ம்... அப்படித்தான்... வாங்க...

— நிறுத்துங்க. நிறுத்துங்க டாக்டரம்மா.

— என்னாச்சு?

— முகம் மங்குது. வேணாம், இது வேணாம்.

— ஏன் வேணாம்?

— எனக்கும் மங்கிட்டா அவங்களுக்கு வேற யாரு இருக்கா? புருஷன் நினைக்கிறதில்லை, பெத்த பொண்ணு நினைக்கிறதில்லை. உலகத்துல அந்த முகத்தைத் தினம் பார்க்கிறவன் நான் ஒருத்தன்தான். ஞாயித்துக்கிழமை சாம்பலும் போயிடும். நானும் துடைச்சுப் போட்டா அப்படி ஒருத்தி இருந்தாங்கிறதே பொய்யாயிடும்.

— சார், இங்க பாருங்க. இந்தச் சிகிச்சை எதையும் துடைக்காது. நாய் நாயாவே இருக்கும், கடிக்கிறதை மட்டும் விட்டுடும். அவங்களை நீங்க நினைக்கலாம், உயிர் இருக்கிற வரைக்கும் நினைக்கலாம். வாந்தி எடுக்காம நினைக்கலாம்.

— சத்தியமா?

— சத்தியமா.

— நீங்க சொன்னா நம்புறேன். ஆரம்பிங்க.

— வாங்க... வாங்க... தோளை விடுங்க... வாங்க... விடுங்க. மூச்சு. இப்ப?

— நிக்கிறாங்க. பார்க்கிறாங்க. கடிக்கலை.

— எவ்வளவு?

— ரெண்டு.

— உங்க கையைப் பாருங்க.

— ஏன்?

— நடுங்கலை.

— அட... ஆமா. நடுங்கலை. மசுமி கீழ காத்துக்கிட்டு இருக்கா. அவகிட்டக் காட்டணும். ரெண்டு வருஷமா சூப் கிண்ணத்தை நான் தூக்குறப்பெல்லாம் அவ கை அடியில வந்து நிக்கும்.

— காட்டலாம். அந்த வாக்கியம்?

— "என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்." அஞ்சு. இல்லை, ஆறு. ஆறு டாக்டரம்மா!

— ஏழுக்குப் போகவிடாம எது தடுக்குது?

— தெரியலை. ஒரு சின்ன நெருடல். செருப்புல மணல் மாதிரி.

— எங்க நெருடுது? கார்லயா, முகத்துலயா?

— ரெண்டும் இல்லை. அதுக்கும் முன்னாடி. கார் கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே ஏதோ ஒண்ணு. வளைவுகிட்ட.

— வளைவுகிட்ட என்ன?

— ஒண்ணுமில்லை. எப்பவும் போலத்தான். அன்னைக்கு வண்டி லேட்டு, கொஞ்சம் மனசு அவசரத்துல இருந்துச்சு, அவ்வளவுதான்.

— அப்ப ஒண்ணு செய்யலாம். இது வழக்கமாக் கடைசியில செய்யுறதுதான். ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் ஒரு படம் மாதிரி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. எங்க உடம்பு இறுகுதோ அங்க நிறுத்திச் சொல்லுங்க. முழுசா இறுகாம ஓடிடுச்சுன்னா வேலை முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை நிம்மதியாப் போயிட்டு வரலாம்.

— கண்ணை மூடிக்கிட்டா?

— மத்தவங்களுக்கு அப்படித்தான். உங்களுக்கு வேற மாதிரி தோணுது. திறந்தே வச்சுக்கங்க. வண்டியில உட்கார்ந்திருக்கிற மாதிரி நிமிர்ந்து உட்காருங்க. கையை நீட்டி, நீங்க கூவுற மாதிரியே கூவுங்க.

— இங்கயா? கீழ பல் டாக்டர் இருக்கார். பயந்துடுவார்.

— அவருக்கு அலறல் பழக்கம்தான். கூவுங்க.

— மடங்காமப் போயிட்டா?

— நான் மடக்கி விடுறேன். ஒரே ஒரு நிபந்தனை. உங்க பால் கதை மாதிரி ஆகக்கூடாது. அவசரமே கிடையாது. விரல் போகட்டும், கண்ணு போய்ச் சேரட்டும், பார்க்கட்டும், அதுக்கப்புறம்தான் வாய். சரிதானே?

— சரி. மசுமி கேட்டா சந்தோஷப்படுவா.

— எங்கேருந்து கிளம்புறீங்க?

— தகாசே ஸ்டேஷன். கிளம்பட்டுமா?

— கிளம்புங்க.

— கதவு, சரி. புறப்படுற சிக்னல், பச்சை, சரி. நேரம்... லேட்டு. சரி.

— உடம்பு?

— நல்லா இருக்கு. பாலம் வருது. பாலத்துல வேகம், அறுபது, சரி. இடது பக்கம் கடல். காலையில வெயில் இல்லை, எல்லாம் சாம்பல் நிறம். முள்ளங்கி காயப் போட்டிருக்கான் வேலியில. அடுத்த சிக்னல், பச்சை, சரி.

— அழகாப் போகுது. அவசரப்படாதீங்க.

— முன்னாடி வளைவு. வளைவு, அம்பது, சரி. இப்ப அந்தக் கம்பம் வரும்.

— வரட்டும். உடம்பு?

— கை லேசா இறுகுது.

— இறுகட்டும். நான் பக்கத்துலதான் இருக்கேன். விரலை நீட்டுங்க.

— நீட்டிட்டேன். அபாய விளக்கு...

— நிதானமா.

— வாய் முந்திக்கிட்டு வருது டாக்டரம்மா. "இல்லை"ன்னு நாக்கு நுனியில வந்து நிக்குது.

— வாயை விடுங்க. கண்ணு போய்ச் சேர்ந்துச்சா?

— போகுது.

— சேரட்டும். கம்பம் தெரியுதா?

— தெரியுது.

— அப்ப பார்த்துட்டுச் சொல்லுங்க.

— அபாய விளக்கு... எரியுது.